வாசகர் கேள்வி – பதில்: ஊதியம் பெறாத கலைஞர்களின் சவோய் மேடை

சென்ற இதழின் அரங்கச் செய்திகளில், அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில் 1954 முதல் தன்னார்வலர்களால் நடத்தப்பட்டுவரும் கில்பர்ட்–சல்லிவன் கழகத்தைப் பற்றியும், அது ஜூலை மாதங்களில் ஆர்கெஸ்ட்ராவுடன் நகைச்சுவை இசைநாடகங்களை மேடையேற்றுவதைப் பற்றியும் சுருக்கமாக எழுதியிருந்தோம். அதைப் படித்த வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் விடையளிக்கிறேன்.

கேள்வி (திருநெல்வேலியிலிருந்து ஒரு பேராசிரியர்): கில்பர்ட், சல்லிவன் என்பவர்கள் யார்? நூற்றாண்டுக்கு மேல் பழமையான அவர்களுடைய நாடகங்களைத் தொழில்முறைக் கலைஞர்கள் அல்லாதவர்கள் இன்றளவும் விரும்பி மேடையேற்றுவதற்கு என்ன காரணம்?

பதில்: வில்லியம் கில்பர்ட் (1836–1911) வழக்கறிஞராகத் தொழில் தொடங்கி, நகைச்சுவைப் பத்திரிகைகளுக்குக் கவிதையும் கேலிச்சித்திரமும் வரைந்து, பின்னர் நாடகாசிரியராக உயர்ந்தவர். ஆர்தர் சல்லிவன் (1842–1900) இராணுவ இசைக்குழுத் தலைவர் ஒருவரின் மகன். லைப்சிக் நகர இசைக்கல்லூரியில் பயின்று, தேவாலய இசையிலும் சிம்பொனியிலும் பெயர் பெற்றவர். 1871 முதல் 1896 வரை இருவரும் சேர்ந்து 14 இசைநாடகங்களைப் படைத்தார்கள். கில்பர்ட் எழுத, சல்லிவன் இசையமைத்தார். இவர்களை இணைத்து வைத்த தயாரிப்பாளர் ரிச்சர்ட் டாய்லி கார்ட், இந்த நாடகங்களுக்காகவே லண்டனில் கட்டிய சவோய் அரங்கம் 1881இல் திறக்கப்பட்டது. முழுவதும் மின்விளக்குகளால் ஒளியூட்டப்பட்ட உலகின் முதல் பொதுக்கட்டடம் அதுவே. அரங்கத்தின் பெயராலேயே இவை சவோய் ஆப்பராக்கள் என்று வழங்கப்படுகின்றன.

உங்கள் கேள்வியின் இரண்டாம் பகுதிதான் என் மனத்துக்கு நெருக்கமானது. தொழில்முறை நிறுவனங்கள் கைவிட்டதால் எளியவர்கள் எடுத்துக்கொண்ட நாடகங்கள் இவை என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை அதுவன்று. எளியவர்கள் எடுத்துச் செய்வதற்கு ஏற்ற அமைப்பு இந்த நாடகங்களுக்குள்ளேயே இருக்கிறது.

முதலாவதாகக் கோரஸைப் பாருங்கள். பல பெரிய ஆப்பராக்களில் கோரஸ் என்பது பின்னணியில் நின்று ஓரிரு இடங்களில் குரல் கொடுக்கும் கூட்டமாக அமைந்துவிடுவது உண்டு. கில்பர்ட்டிடம் அது ஒரு பாத்திரம். 'எச்.எம்.எஸ். பினஃபோர்' நாடகத்தில் கப்பலின் மாலுமிகளும், கடற்படை அமைச்சர் போகுமிடமெல்லாம் உடன் வரும் அவருடைய சகோதரிகளும் அத்தைகளும் சேர்ந்துதான் கதையை முன்னே தள்ளுகிறார்கள். 'பைரேட்ஸ் ஆஃப் பென்சான்ஸ்' நாடகத்தில் கொள்ளையர் கூட்டம், அவர்களைப் பிடிக்க வந்து அஞ்சி நடுங்கும் போலீஸ்காரர்கள், மேஜர் ஜெனரலின் எண்ணற்ற மகள்கள் என்று மூன்று கூட்டங்கள். 'அயலாந்தி'யில் தேவதைகள் ஒரு புறமும், பிரிட்டிஷ் பிரபுக்கள் சபையின் உறுப்பினர்கள் மறுபுறமும் நின்று மோதுகிறார்கள். தனிப்பாடல் பாட முடியாத முப்பது பேருக்கு மேடையில் நடிக்கவும், பாடவும், சிரிப்பை உண்டாக்கவும் உண்மையான வேலை கொடுக்கும் நாடகம் ஓர் ஊருக்குக் கிடைத்துவிட்டால், அந்த முப்பது பேரும் அடுத்த ஆண்டும் வருவார்கள்.

அடுத்தது, முதன்மை நகைச்சுவைப் பாத்திரங்கள் யாருக்காக எழுதப்பட்டன என்பது. 1877இல் 'தி சார்சரர்' நாடகத்தின் மந்திரவாதியாக நடிக்க அழைக்கப்பட்ட ஜார்ஜ் கிராஸ்மித் ஆப்பரா பாடகர் அல்லர். பியானோவின் முன் அமர்ந்து, பாடியும் பேசியும் மக்களைச் சிரிக்க வைத்தவர். அவருடைய குரலுக்கும் நாக்குக்கும் ஏற்றவாறு தொடர்ந்து எழுதப்பட்ட பாத்திரங்களில்தான், சொற்களை மூச்சு விடாமல் அடுக்கிச் செல்லும் 'பேட்டர்' பாடல்கள் அமைந்தன. அவற்றுக்குப் பெரிய குரல் தேவையில்லை. தெளிவான உச்சரிப்பும் காலப்பிரமாணமும் நடிப்பும் தேவை. பள்ளி ஆசிரியரும் வங்கி ஊழியரும் உழைத்தால் எட்டக்கூடிய கலை அது. சல்லிவனும் பாடலைக் கையில் வாங்கியவுடன் மெட்டைத் தேடாமல், முதலில் தாள அமைப்பை முடிவு செய்துகொண்டு, அதன் பிறகே மெட்டுக்கு வருவதை வழக்கமாக வைத்திருந்தார். அதனால்தான் ஏறத்தாழ முப்பது பேர் கொண்ட ஆர்கெஸ்ட்ரா வாசிக்கும்போதும் பாடலின் ஒவ்வொரு சொல்லும் கேட்பவரை வந்தடைகிறது.

வரலாறும் இதற்குத் துணை நின்றது. 'பினஃபோர்' 1878 மே 25 அன்று லண்டனில் அரங்கேறி 571 காட்சிகள் ஓடியது. வெளிநாட்டு எழுத்தாளர்களின் உரிமையைக் காக்கும் சட்டம் அக்காலத்தில் அமெரிக்காவில் இல்லாததால், அனுமதியே பெறாத பல குழுக்கள் அந்நாடகத்தை அங்கே நடத்தின. தேவாலயப் பாடகர் குழுக்களும் அவற்றில் அடங்கும். இந்த இழப்பு மீண்டும் நேராதிருக்க, கில்பர்ட்டும் சல்லிவனும் தாமே நியூயார்க்குக்குச் சென்று, அடுத்த நாடகமான 'பைரேட்ஸ்' நாடகத்தை 1879 டிசம்பர் 31 அன்று அங்கேயே அரங்கேற்றினார்கள். இங்கிலாந்திலும் அதே 1879இல் லண்டனை அடுத்த கிங்ஸ்டனில் ஓர் இசைக்கழகம் 'பினஃபோர்' நாடகத்தை நடத்தியது. ஆகவே தன்னார்வலர்கள் இந்தக் கலைக்குப் பிற்காலத்தில் வந்து சேர்ந்தவர்கள் அல்லர். நாடகம் பிறந்து ஓராண்டு நிறைவதற்குள் வந்துவிட்டவர்கள். ஃபிலடெல்ஃபியாவின் சவோய் கம்பெனி 1901 முதலும், வருவாயை அறப்பணிகளுக்கு வழங்கும் நியூயார்க்கின் புளூ ஹில் ட்ரூப் 1924 முதலும், மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கழகம் 1947 முதலும் இயங்கி வருகின்றன.

கேள்வி (தஞ்சாவூரிலிருந்து ஒரு வாசகர்): டாய்லி கார்ட் கம்பெனியே 1982இல் மூடப்பட்டதாகப் படித்தேன். சம்பளம் கொடுத்தும் நடத்த முடியாததைச் சம்பளமில்லாதவர்கள் நடத்தினால் தரம் தாழ்ந்துதானே இருக்கும்?

பதில்: நூறாண்டுகளுக்கு மேல் இந்நாடகங்களை ஊர் ஊராகக் கொண்டுசென்ற அந்த நிறுவனம், அரசின் கலைமன்ற நிதி மறுக்கப்பட்ட நிலையில், 1982 பிப்ரவரியில் லண்டனில் தன் கடைசிக் காட்சியை நடத்தியது. 1988இல் அதே பெயரில் தொடங்கிய புதிய நிறுவனமும் 2003க்குப் பிறகு தன் தயாரிப்புகளை நிறுத்திக்கொண்டது. பாடகர்களுக்கும் வாத்தியக்காரர்களுக்கும் மேடைத் தொழிலாளர்களுக்கும் ஆண்டின் பெரும்பகுதி சம்பளம் கொடுத்துக்கொண்டு பயணம் செய்வது பெருஞ்செலவு பிடிக்கும் காரியம். தன்னார்வக் கழகத்துக்கு அந்தச் சுமை இல்லை. ஆண்டுக்கு ஒன்றோ இரண்டோ நாடகம், அதற்கான அரங்க வாடகை, உடைகள், காட்சியமைப்பு, சில இடங்களில் இயக்குநருக்கும் இசை நடத்துநருக்கும் மட்டும் ஒரு சிறு தொகை, இவற்றை நுழைவுச்சீட்டு வருவாயும் நன்கொடையும் கொண்டு சமாளித்துவிடலாம்.

தரத்தைப் பற்றிய உங்கள் ஐயத்தை நான் ஒதுக்கிவிட மாட்டேன். தன்னார்வக் குழுக்களின் தரம் ஏற்ற இறக்கம் கொண்டதே. நல்ல டெனர் குரல் (ஆண்களின் உச்சஸ்தாயிக் குரல்) கிடைப்பது அரிது; வயலின் பிரிவில் சுருதி சற்றே விலகுவதும் நடக்கும். ஆனால் இந்நாடகங்களின் உயிர் எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். என் தீர்ப்பில் அது சொல்லில் இருக்கிறது. ஒரு தொழில்முறை ஆப்பரா நிறுவனம் மிகச் சிறந்த குரல்களைச் சில வாரங்களுக்கு ஒன்றுசேர்த்து நாடகத்தை நடத்திவிட்டு, அடுத்த படைப்புக்குப் போய்விடுகிறது. இருபது ஆண்டுகளாக ஒரே கழகத்தில் பாடி, மூன்று முறை மாலுமியாகவும் இரண்டு முறை பிரபுவாகவும் நின்ற ஒரு கோரஸ் பாடகருக்கு எந்த வரியில் அரங்கம் சிரிக்கும், எந்தச் சொல்லுக்கு முன் அரைக்கணம் நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் உடம்பிலேயே ஊறியிருக்கும். அந்த அறிவைச் சம்பளம் கொடுத்து ஒரு பருவத்துக்குள் வாங்கிவிட முடியாது.

கில்பர்ட் தம் நாடகங்களைத் தாமே இயக்கியவர்; சிறிய மாதிரி மேடை ஒன்றில் மரக்கட்டைகளை நகர்த்திப் பார்த்து, ஒவ்வொருவரும் எங்கே நிற்க வேண்டும் என்பதை ஒத்திகைக்கு முன்பே முடிவு செய்துவிடுவார். 'பினஃபோர்' நாடகத்துக்காக போர்ட்ஸ்மத் துறைமுகம் சென்று கப்பல்களை வரைந்துகொண்டு வந்தார். நடிகர்கள் தம் விருப்பப்படி வசனம் சேர்ப்பதை அவர் அனுமதிக்கவில்லை. இந்த ஒழுங்கைக் கடைப்பிடிக்கும் தன்னார்வக் குழு நன்றாகவே செய்யும். நண்பர்கள் கூடிச் சிரித்துக் கலையும் பொழுதுபோக்காக மட்டும் இதை எடுத்துக்கொள்ளும் குழு, சீட்டு வாங்கி வந்தவர்களுக்கு நியாயம் செய்யாது. ஊதியம் இல்லை என்பது ஒத்திகையைக் குறைப்பதற்குக் காரணமாகக் கூடாது என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

கேள்வி (ஈரோட்டிலிருந்து ஒரு வாசகி): இவற்றை மேடையேற்ற யாருக்காவது உரிமைத்தொகை செலுத்த வேண்டுமா?

பதில்: மூலப் படைப்புகளுக்கு வேண்டியதில்லை. பிரிட்டனில் சல்லிவனின் இசைக்கான காப்புரிமை 1950இன் முடிவிலும், கில்பர்ட்டின் எழுத்துக்கான காப்புரிமை 1961இன் முடிவிலும் நீங்கின. அதற்கு முன்பு அங்கே அமெச்சூர் குழுக்கள் டாய்லி கார்ட் நிறுவனத்திடம் அனுமதி பெற்று, அது வகுத்த மேடை முறையையும் பின்பற்ற வேண்டியிருந்தது. இப்போது ஒருவர் புதிதாகப் பதிப்பித்த இசைப்பிரதியையோ, புதிதாகத் தழுவி எழுதிய வசனத்தையோ பயன்படுத்தினால் மட்டும் அவருக்கு உரிய கட்டணம் கொடுக்க வேண்டும்.

கேள்வி (சியாட்டிலுக்கு அருகே வசிக்கும் ஒரு மென்பொருள் பொறியாளர்): ஜூலையில் குடும்பத்துடன் கழகத்தின் நாடகத்தைப் பார்த்தேன். சிறுவயதில் சில ஆண்டுகள் கர்நாடக சங்கீதம் கற்றிருக்கிறேன். மேற்கத்திய இசைக்குறிப்பைப் படிக்கத் தெரியாது. என்னைப் போன்றவரைச் சேர்த்துக்கொள்வார்களா?

பதில்: தயங்காமல் முயலுங்கள். இத்தகைய கழகங்கள் நாடகத்துக்குச் சில மாதங்கள் முன்பாக ஆடிஷன் அறிவிக்கும். தனிப்பாத்திரங்களுக்குப் போட்டி கடுமையாகவே இருக்கும். கோரஸுக்கு ஆண் குரல்கள் எப்போதும் தேவைப்படுகின்றன. இசைக்குறிப்பைப் படிக்கத் தெரிந்தால் வேலை எளிதாகும் என்பது உண்மை. தெரியாதவர்கள், ஒவ்வொரு குரல் பிரிவுக்குமான ஒலிப்பதிவைக் கேட்டு மனப்பாடம் செய்துகொள்வது பல குழுக்களில் நடைமுறையில் உள்ளது. கேள்வி ஞானத்தால் கீர்த்தனைகளைப் பாடம் பண்ணிய உங்களுக்கு அது கடினமாக இராது.

நீங்கள் மாற்றிக்கொள்ள வேண்டியவை வேறு. கர்நாடக இசையில் ஸ்வரத்தை அசைத்துப் பாடுவது அழகு. இங்கே ஸ்வரத்தை அசைவின்றி நேராக நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் அருகில் ஒலிக்கும் மற்ற குரல்களோடு இசைவு கெடும். அதைவிடக் கடினமானது, உங்களுக்கு இடப்புறம் நிற்பவர் ஒரு வரியையும் வலப்புறம் நிற்பவர் மற்றொரு வரியையும் பாடும்போது, இரண்டிலும் விழாமல் உங்கள் வரியில் நிற்பது. முதல் சில ஒத்திகைகளில் இது குழப்பும். உங்கள் பிரிவில் அனுபவம் மிக்க ஒருவரின் பக்கத்தில் நிற்க இடம் கேட்டு வாங்குங்கள். உச்சரிப்பைப் பற்றிக் கூச்சப்பட வேண்டாம். கில்பர்ட்டின் எதுகைகள் பிரிட்டிஷ் ஒலிப்பை நம்பி நிற்பவை, ஆகவே உங்களோடு பாடும் அமெரிக்கர்களும் அதைப் பயின்றே ஆக வேண்டும்.

நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். வேலை முடிந்த மாலைகளிலும் வார இறுதிகளிலும் ஒத்திகை இருக்கும். அரங்கேற்றத்துக்கு முந்தைய வாரம் ஏறக்குறைய எல்லா இரவுகளும் அரங்கத்திலேயே கழியும். வீட்டாரிடம் இதை முன்கூட்டியே பேசி, சம்மதம் பெற்றுச் சேருவதே முறை. பாதியில் விலகும் ஒருவரால் முப்பது பேரின் நடன அமைப்பு குலைந்துபோகும். பாட முடியாத ஆண்டில் காட்சித்தட்டிகளுக்கு வண்ணம் பூசலாம், உடை தைக்கலாம், அரங்க வாயிலில் வருவோரை இருக்கையில் அமர்த்தலாம். மேடையில் வணங்குபவர்களின் எண்ணிக்கைக்குக் குறையாத அளவில் இவர்களும் இருந்தால்தான் திரை உயரும்.

கேள்வி (சென்னையிலிருந்து ஓர் இதழியல் மாணவி): 'மிகாடோ' நாடகம் ஆசியர்களை இழிவுபடுத்துகிறது என்ற எதிர்ப்பு சியாட்டிலில் எழுந்ததாக அறிகிறேன். அதை இனி மேடையேற்றலாமா?

பதில்: 1885 மார்ச் 14 அன்று அரங்கேறி 672 காட்சிகள் ஓடிய 'மிகாடோ', சவோய் நாடகங்களில் மிகவும் புகழ்பெற்றது. திட்டிப்பு என்ற கற்பனை ஜப்பானிய ஊரில், மரணதண்டனைக் கைதியாக இருந்த ஒரு தையற்காரர் அத்தண்டனையை நிறைவேற்றும் தலைமை அதிகாரியாக நியமிக்கப்படுகிறார். ஏனைய பதவிகள் அனைத்தையும் பூ-பா என்ற ஒரே மனிதர் வகித்து, ஒவ்வொன்றுக்கும் தனிச் சம்பளம் பெறுகிறார். கில்பர்ட்டின் குறி இங்கிலாந்தின் அதிகார வர்க்கம்தான் என்பதில் ஐயமில்லை. நாடகத்தை ஆதரிப்பவர்கள் இந்த வாதத்தையே முன்வைக்கிறார்கள்.

ஆனால் மேடையில் நிற்பவை சொற்கள் மட்டும் அல்ல, உடல்களும்தான். 2014இல் சியாட்டில் கழகம் இதை மேடையேற்றியபோது, ஏறத்தாழ 40 ஜப்பானியப் பாத்திரங்களில் நடித்தவர்களிடையே ஆசிய வம்சாவளியினர் இல்லை என்பதை உள்ளூர் நாளிதழின் பத்தி ஒன்று சுட்டிக்காட்டியது. எதிர்ப்பு வலுத்தது, அதே கோடையில் பொது விவாதக் கூட்டமும் நடந்தது. இந்த வலி ஏன் அந்த நகரத்தில் இத்தனை ஆழமாக இருந்தது என்பதைப் புரிந்துகொள்ள 1942க்குப் போக வேண்டும். அவ்வாண்டு, குடியுரிமை பெற்றிருந்தவர்கள் உட்பட சியாட்டில் பகுதியின் ஜப்பானிய வம்சாவளிக் குடும்பங்கள் வீடுகளிலிருந்து வெளியேற்றப்பட்டு, ஐடஹோ மாநிலத்தின் மினிடோகா போன்ற முகாம்களில் அடைக்கப்பட்டன. அந்தக் குடும்பங்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வாழும் ஊரில், வெள்ளையர்கள் விசிறியும் கண்மையுமாக ஜப்பானியர் வேடமிட்டு வருவது வெறும் வேடிக்கையாகத் தோன்றாது.

அடுத்த ஆண்டு நியூயார்க்கின் தொழில்முறைக் குழு ஒன்று, எதிர்ப்புக்குப் பின் தன் 'மிகாடோ' காட்சிகளை விலக்கிக்கொண்டு வேறு நாடகத்தை நடத்தியது. 1952இல் தொடங்கப்பட்ட சான் ஃபிரான்சிஸ்கோவின் லாம்ப்லைட்டர்ஸ் குழு 2016இல் கதையை மறுமலர்ச்சிக் கால மிலான் நகரத்துக்கு மாற்றியது. மூலத்தை மாற்றுவது குற்றம் என்று வருந்துபவர்களுக்கு இரண்டு செய்திகளை நினைவூட்ட விரும்புகிறேன். 1907இல் ஜப்பானிய இளவரசர் ஒருவர் லண்டன் வந்தபோது, பிரிட்டிஷ் அரசே இந்நாடகத்துக்குச் சில வாரங்கள் தடை விதித்தது. கறுப்பினத்தவரை இழிவுபடுத்தும் ஒரு சொல் பாடல்களில் இருந்தது. அமெரிக்காவில் எழுந்த ஆட்சேபத்துக்குப் பின், டாய்லி கார்ட் நிறுவனமே 1948இல் எழுத்தாளர் ஒருவரைக் கொண்டு அவ்வரிகளை மாற்றி எழுதச் செய்தது. மூலத்தைக் காப்பதையே கடமையாகக் கொண்ட நிறுவனமே செய்த மாற்றம் அது.

மேடையேற்றலாமா என்றால், மாற்றி மேடையேற்றலாம் என்பது என் விடை. நாடகத்தின் இசையும் சொல்விளையாட்டும் இழக்கத் தகாதவை. ஜப்பானிய வேடம் இல்லாமலும் அவை நிற்கும் என்பதை மிலான் தயாரிப்பு காட்டியது. குறிப்பாகத் தன்னார்வக் கழகம் ஒன்றுக்கு இதில் கூடுதல் பொறுப்பு உண்டு. ஊர் மக்களின் உழைப்பாலும் நன்கொடையாலும் நடக்கும் கழகம், ஊரில் ஒரு பகுதியினர் அரங்கத்துக்குள் வரவே மனம் கூசும் நாடகத்தை நடத்துமானால், அது தன் அடித்தளத்தையே இழந்துவிடும்.

கேள்வி (புதுக்கோட்டையிலிருந்து ஓர் ஆங்கில ஆசிரியை): இந்நாடகங்களை இதுவரை கேட்டிராத நாங்கள் எதிலிருந்து தொடங்கலாம்?

பதில்: 1875இல் வந்த 'டிரையல் பை ஜூரி'யிலிருந்து தொடங்குங்கள். ஏறக்குறைய நாற்பது நிமிடங்களில் முடிந்துவிடும்; பேச்சு வசனமே இல்லாமல் முழுவதும் பாட்டாக அமைந்தது. திருமணம் செய்துகொள்வதாக வாக்களித்துவிட்டுக் கைவிட்ட எட்வின் மீது ஏஞ்செலினா தொடுத்த வழக்கு, மணப்பெண் உடையிலேயே நீதிமன்றம் வரும் ஏஞ்செலினா, அவளைக் கண்டதும் நடுநிலையை இழக்கும் ஜூரிகள் என்று கதை ஓடுகிறது. நீதிமன்றத்தை உள்ளிருந்து அறிந்த ஒருவரின் எழுத்து அது என்பது முதல் பாட்டிலேயே தெரியும். பாடல் வரிகளை முன்பே ஒரு முறை வாசித்துவிட்டு, பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள். மாணவர்களோடு கேட்பதானால் நீதிபதி தம் வாழ்க்கை வரலாற்றைப் பாடும் இடத்தில் நிறுத்தி, அவர் எப்படி முன்னுக்கு வந்தார் என்பதை அவர்களையே சொல்லச் சொல்லுங்கள். வழக்கு எப்படித் தீர்கிறது என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள்.